காயம் ஆற்றும் நீதி
(பொன்விழாவையொட்டி நம் பங்கு இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



இளைஞர்கள் ஏற்கத்தக்க பணி ஒன்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். மருத்துவம், பொறியியல், வங்கி வேலை ஆகியவற்றைப் பற்றி மயிலாப்பூர்ப் பெற்றோருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே பலரும் அறியாத ஒரு பணியைச் சொல்லுகிறேன். தீங்கு செய்தவரையும் தீங்குக்கு ஆளானவரையும் எதிரெதிரே அமரச் செய்து, நடந்ததைப் பேசவைத்து, இழப்பை ஈடுசெய்ய வழிதேடும் பணி அது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. சக்கேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. ஏய்த்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். திருடியதைத் திருப்பிக் கொடாமல் பாவசங்கீர்த்தனம் மட்டும் செய்தால் போதாது என்று நாமும் ஞானோபதேச வகுப்பில் கற்றிருக்கிறோம்.

1974இல் கனடா நாட்டின் எல்மிரா என்ற சிற்றூரில் குடிபோதையிலிருந்த இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அதிகாரி நீதிபதியின் அனுமதியோடு அவர்களை வீடு வீடாக அழைத்துச் சென்றார். அவர்கள் கதவைத் தட்டி, "நாங்கள்தான் செய்தோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். சில மாதங்களில் நஷ்டத்தையும் ஈடுசெய்தார்கள். பல நாடுகளில் இப்பணி பரவ அந்த நடைப்பயணமே வித்தாயிற்று.

உடைந்த ஜன்னலுக்கு விலை கொடுக்கலாம். போன உயிருக்கு என்ன கொடுப்பது? மத்தியப் பிரதேசத்தில் ஏழை மக்களிடையே உழைத்த கேரளத்து அருட்சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பஸ்ஸில் குத்திக் கொல்லப்பட்டார். கொலை செய்த சமுந்தர் சிங்கைச் சுவாமி சதானந்த் என்ற துறவி சிறையில் பலமுறை சந்தித்து அவர் மனத்தைப் பண்படுத்தினார். 2002இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறைக்கே சென்று, கொலையாளியின் கையில் ராக்கி கட்டிச் சகோதரனாக ஏற்றார். 2006இல் விடுதலையான அவரை ராணி மரியாவின் தாயும் மன்னித்தார். 2017இல் இந்தூரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்ற விழாவில் அவரும் இருந்தார். குத்திய நாளிலிருந்து ராக்கி வரை ஏழு ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள்.

அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2015 ஜூன் மாதம், பலாத்கார வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசும்படி நமது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு பிறந்தது. அப்பெண் மறுத்தார். இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது; ஜூலையில் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவரின் உடைமை. அவரிடம் அதை யாரும் கேட்டு நெருக்கக் கூடாது. நீதிபதியாயினும் கூடாது, பக்தியுள்ள நாமாயினும் கூடாது. "பொறுத்துப் போ அம்மா" என்று அழுகிற பெண்ணிடம் நாம் எத்தனை முறை அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறோம்! அது சமாதானம் அன்று, வாயை அடைப்பது.

ஆகவே இப்பணிக்கு முதல் தகுதி பொறுமையோடு கேட்கும் காது. இரு தரப்பாரையும் தனித்தனியே பலமுறை சந்திக்க வேண்டும். குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவரை சந்திப்பு கூடாது. பாதிக்கப்பட்டவர் "வேண்டாம்" என்றால் அத்துடன் நிறுத்த வேண்டும்.

எங்கே தொடங்குவது? நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரல் 9 அன்று நம் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் தோன்றியது. அங்கு வருபவை பெரும்பாலும் சொத்து, குடும்ப வழக்குகளே. எனினும் இக்கலையைக் கற்க நல்ல பள்ளி. சமரசம் செய்வோர்க்கு 40 மணி நேரப் பயிற்சி வகுக்கப்பட்டுள்ளது. சட்டமோ சமூகப்பணியோ படித்தவர்கள் இத்துறையில் நுழையலாம். படிப்பில்லாதவரும் சிறைச் சந்திப்பில் பங்கேற்கலாம். 1981இல் கேரளத்துக் குருமட மாணவர்கள் தொடங்கிய சிறைப்பணி இயக்கம் இன்று நாடெங்கும் இயங்குகிறது.

இதில் பெரும் பணமில்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போகச் சொன்னார் நம் ஆண்டவர். அந்த வழியில் உடன் நடக்க ஒருவர் தேவை. இப்பொன்விழா ஆண்டில் நம் பங்கிலிருந்து ஒரு பிள்ளையேனும் அப்படி எழட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!