1285 ஓட்டு

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, பின்வரிசையில் விசிறி எட்டாமல் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

ஜெயித்த கதை சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் தோற்ற ஒரு தேர்தலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1967 பிப்ரவரி, விருதுநகர் சட்டமன்றத் தொகுதி. காங்கிரஸ் வேட்பாளர் காமராஜர். 1957இலும் 1962இலும் சாத்தூரில் நின்று ஜெயித்தவர் இந்த முறை சொந்த ஊரில் நின்றார். அவரை எதிர்த்துத் தி.மு.க. நிறுத்தியது பெ. சீனிவாசன் என்ற இளைஞரை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் கல்லூரி மாணவன் என்றாலே கறுப்பு சிவப்புதான். விடுதியில் காங்கிரஸ்காரன் என்று வாய்விட்டுச் சொல்ல ஆள் தேட வேண்டும். நான் சொன்னேன். கொள்கை, கோட்பாடு என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடத்தில் மதியம் சோறு போட்டார்கள் என்பதால்தான் எங்கள் வீட்டில் என்னை ஆடு மேய்க்க அனுப்பாமல் விட்டார்கள். எனக்கு அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

வயது 19. ஓட்டு கிடையாது. 21 முடிந்தவர்களுக்குத்தான் அன்று ஓட்டு. அது 18 ஆனது 1989இல்தான். தெருவுக்கு வந்து போராடிய மாணவர்களில் பாதிப் பேருக்குமேல் ஓட்டு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் என்ன செய்தார்கள்? ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டார்கள், அத்தையிடம் கேட்டார்கள், பாட்டி கையைப் பிடித்துக் கேட்டார்கள். மேடைப் பேச்சில்தான் ஆட்சி மாறியது என்பவர்கள் அந்த வீட்டுத் திண்ணைகளைப் பார்க்காதவர்கள்.

எனக்குக் கொடுத்த வேலை சுவர் விளம்பரம். சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் நீலம் கரைத்து எழுத வேண்டும். எழுத்து ஒருவழியாக வந்துவிடும், சின்னம்தான் தகராறு. தி.மு.க.வுக்கு உதயசூரியன். இரண்டு மலை, நடுவே அரை வட்டம், நாலு கோடு. ஐந்து வயதுப் பிள்ளை கரித்துண்டை வைத்துப் போட்டுவிடும். எங்களுக்கோ நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. எட்டுக் கால், நாலு கொம்பு, இரண்டு வால். நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "தம்பி, ஆட்டுக்கு எதுக்குப்பா நுகத்தடி?" என்று கேட்டார்.

சுவர் வேலை முடிந்ததும் வாக்காளர் பட்டியலைக் கையால் நகல் எடுத்து, ஆளுக்கொரு சீட்டாக எழுதி, வீடு வீடாகக் கொடுக்க அனுப்பினார்கள். ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கிக்குள் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நெடி தாங்காமல் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அவர்களுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. ஒரு அம்மாள் சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு சொன்னார்: "ஐயா பள்ளிக்கூடம் தந்தாரு, மறக்கல தம்பி. பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வந்து சோறுதான கேக்கு? அரிசி விக்கிற வெலை ஐயாவுக்குத் தெரியுமா? அவர்தான் டெல்லியில இருக்காரே."

அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்த நேரம் அது. அண்ணாச்சி, என்னாச்சு என்று எதுகை வைத்துப் பருப்பு விலை கேட்கும் கோஷம் தெருவுக்குத் தெரு ஓடியது. அந்தப் பக்கம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி. இரண்டு பிரதமர்களை உருவாக்கியவர் எங்கள் வேட்பாளர் என்று நான் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அந்த அம்மாள் கேட்டதற்கு அது பதில் ஆகாது.

எண்ணி முடித்தார்கள். 1285 ஓட்டு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். வெளியே நின்ற எங்கள் ஆட்களில் பெரியவர்கள் சிலர் அழுதார்கள். யாரோ ஒருவர் "நன்றி கெட்ட ஊர்" என்றார். அதைப் பலரும் திரும்பச் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அன்றும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஓட்டு என்ன, மொய்யா? போன கல்யாணத்துக்கு இவர் செய்தார், இந்தக் கல்யாணத்துக்கு நாம் திருப்பிச் செய்வோம் என்று எழுதுவதற்கு? பள்ளிக்கூடம் திறந்தது அவர் செய்த வேலை. அதில் படித்தவன் அவரிடமே கணக்குக் கேட்டான் என்றால் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

மாநிலக் கணக்கையும் சொல்கிறேன். புள்ளியியல் படித்தவர்கள் கவனியுங்கள். காங்கிரஸ் வாங்கிய வாக்கு 41 சதவீதத்துக்குச் சற்று மேலே. தி.மு.க. வாங்கியது 41க்குச் சற்றுக் கீழே. இடமோ காங்கிரசுக்கு 51, தி.மு.க.வுக்கு 137. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது. தி.மு.க. 174இல் மட்டும் நின்று மற்றதைத் தோழமைக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்தது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே அணியில்! ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள், எங்களைத் தோற்கடிப்பதற்காக ஒன்று சேர்ந்தார்கள். நாங்கள் மட்டும் நாங்களே போதும் என்று இருந்தோம். இதில் ஊரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஜெயித்தவர்களையும் அரிசி லேசில் விடவில்லை. மூன்று படி ஒரு படியாகி, அதுவும் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கியது. பதவிக்கு வந்து இரண்டு வருடம் முடியுமுன் முதலமைச்சர் அண்ணா காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், 1969 ஜனவரியில், நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று காமராஜர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். 1971இலும் அங்கேயே ஜெயித்தார். 1975 அக்டோபர் 2ஆம் தேதி கண்ணை மூடும்போதும் அந்தத் தொகுதியின் உறுப்பினர் அவர்தான். நாகர்கோவிலுக்குச் சுவர் எழுத என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே காளை வரையத் தெரிந்த நல்ல கைகள் இருந்ததால் எனக்குச் சீட்டு எழுதும் வேலை.

பிறகு அரசு வேலைக்குத் தேர்வு எழுதினேன். தேர்வானேன். ஆட்சி தி.மு.க. ஆட்சி. நன்னடத்தைச் சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டிய அதிகாரி, ஊரறிந்த உதயசூரியன் அனுதாபி. எங்கள் தெருக்காரர்தான். விண்ணப்பத்தைப் படித்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மேலத் தெருவுல ஆடு வரைஞ்சது நீதானடே?" என்றார். "காளை, ஐயா" என்றேன். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பட்டம் வாங்க வரிசை காத்திருக்கிறது.