ஈயம் யார் உடலில் தங்கியது?



சுற்றுச்சூழல் சட்டங்களின் வரலாற்றை ஆய்வு செய்கிறவன் நான். அதில் அடிக்கடி நான் திரும்பிப் போகிற பொருள், ஈயம் கலந்த பெட்ரோல். நஞ்சு என்று தெரிந்த ஒன்றைத் தடுக்க அரசுகள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

1921இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இன்ஜின் தட்டுவது நிற்கும் என்று கண்டார். ஆல்கஹால் கலந்தாலும் நிற்கும் என்பது அப்போதே தெரியும். ஆனால் ஆல்கஹாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஈயக் கலவைக்கு வாங்கலாம்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். 1925 மே மாதம் அரசு மாநாடு கூட்டியது. தொழிலாளர் நலத்துக்காக உழைத்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் அங்கே எச்சரித்தார். விற்பனை சில மாதங்கள் நின்றது. 1926இல் நிபுணர் குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை, ஆனால் ஆய்வு தொடர வேண்டும் என்றது. ஆய்வு தொடர்ந்தது, யார் பணத்தில்? அடுத்த நாற்பது ஆண்டுகள் இந்தத் துறையில் பெரிய குரலாக இருந்த ராபர்ட் கீஹோவுக்குப் பணம் கொடுத்தது அதே தொழில்துறைதான்.

விலையைக் கொடுத்தது யார்? 1976 முதல் 1980 வரை அமெரிக்க அரசு நடத்திய ரத்தப் பரிசோதனையில், ஐந்து வயது வரையிலான வெள்ளைக் குழந்தைகளில் 2 சதவீதம் பேருக்கு அளவுமீறிய ஈயம் இருந்தது. கறுப்பினக் குழந்தைகளில் 12 சதவீதம். பழைய வீடுகளின் ஈயப் பெயின்டுக்கும் இதில் பங்குண்டு. அந்தப் பழைய வீடுகளிலும், வாகன நெரிசல் மிகுந்த தெருக்களிலும் யாரைக் குடியிருக்க வைத்தார்கள் என்பதுதான் இனவெறியின் வரலாறு.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. கட்டுப்பாடு வந்து பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, மக்களின் ரத்தத்தில் சராசரி ஈயம் 37 சதவீதம் இறங்கியது. சட்டம் வேலை செய்தது. செய்ய விடாமல் அரை நூற்றாண்டு தடுத்துவைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது; 2000இல் நாடு முழுவதும். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. கண்டுபிடித்து நூறு ஆண்டுகள்!

ஆனால் தோழர்களே, ஈயம் மட்கிப் போகாது. புகையாக வந்தது சாலையோர மண்ணில் படிந்தது. விடியற்காலையில் அந்தப் புழுதியைப் பெருக்கியவர்கள் எந்தச் சாதியினர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று எல்லோருக்கும் பொது என்கிறார்கள். புழுதி பொது அல்ல. பங்களாவுக்கும் சாலைக்கும் நடுவே தோட்டம் இருக்கிறது. நடைபாதைக் குடும்பத்துக்கு நடுவே எதுவும் இல்லை.

ஈயத்தின் கதை முடியவும் இல்லை. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ரத்தத்தில் ஆபத்தான அளவு ஈயம் உள்ளதாக 2020இல் யுனிசெஃப் சொன்னது. இன்று அது பழைய பேட்டரி உருக்கும் பட்டறைகளிலிருந்தும் வருகிறது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவனுடையது; செத்துக் காட்டி நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது அல்ல. ஆய்வுக்கான பணம் அரசுடையதாக இருக்கட்டும். தூய்மைப் பணியாளர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ரத்த ஈயப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக நடக்கட்டும்.

கணக்கு எடுக்காத உடலுக்கு எந்தச் சட்டமும் வராது. முதலில் கணக்கெடுக்கச் சொல்வோம்.