ரயிலுக்கு முதலில் வழி

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. சிறிது சுருக்கி வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் பூங்கா விஷயமாக நாம் எப்படிப் பேசிக்கொண்டோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பாதிப் பேர் "உடனே திறக்கணும்" என்றோம். பாதிப் பேர் "தண்ணீர்த் தொட்டி வேலை முடியட்டும், குழந்தை தலையில் செங்கல் விழுந்தால் யார் பதில் சொல்வது" என்றோம். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அப்போது செயலாளர் என்னைப் பார்த்து, "சார், அடுத்த கூட்டத்தில் நீங்க ரயிலைப் பத்திப் பேசிடுங்க, மனசு ஆறும்" என்றார். ரயிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் மனசு ஆறுமா என்று தெரியாது, ஏனென்றால் இதுவும் பக்கத்தில் கட்டுமானம் நடந்ததால் நிறுத்தி வைத்த ஒரு ரயிலின் கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் அனாஹைம் என்ற ஊரில் டிஸ்னிலேண்ட் இருக்கிறது. 1955 ஜூலை 17 அன்று திறந்த பூங்கா. திறந்த அன்றே அங்கே நீராவி ரயிலும் ஓடியது. வால்ட் டிஸ்னிக்கு ரயில் பைத்தியம். அதற்கு முன்பே தன் வீட்டுத் தோட்டத்தில் ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன ரயில் ஒன்று வைத்திருந்தார். அந்த எஞ்சினுக்கு மனைவி லில்லியன் பெயரை ஒட்டி லில்லி பெல் என்று பெயர். பூங்கா கட்டியபோது முழுப் பூங்காவையும் சுற்றிவர ரயில் போட்டார். அதைத் தன் குடும்பக் கம்பெனியின் சொத்தாகவே தனியாக வைத்திருந்தார். அந்தக் கம்பெனியின் பெயர் ரெட்லா. வால்ட்டர் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வரும் பெயர்.

குழந்தைகள் பூங்கா ரயில் என்றதும் நம் மனதில் வருவது பேட்டரியில் ஓடும் பொம்மை வண்டி. இது அப்படியல்ல. தண்டவாள அகலம் 914 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜ் ஆயிரம் மில்லிமீட்டர். ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. இப்போது அங்கே ஐந்து எஞ்சின்கள். இரண்டு, டிஸ்னி ஆட்களே கட்டியவை. மூன்று, பால்ட்வின் தொழிற்சாலையில் செய்து வேறு வேறு இடங்களில் உழைத்துவிட்டு வந்தவை. பிரெட் கர்லி என்று பெயர் வைத்திருக்கும் எஞ்சின் 1894-இல் செய்தது. லூசியானாவில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்தது. நம் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி போகும்போதெல்லாம் எனக்கு அந்த எஞ்சின் ஞாபகம் வரும். இப்போது அந்த எஞ்சின்களுக்கு எரிபொருள், பூங்கா உணவகங்களில் பொரித்து மீந்த எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல். பஜ்ஜி போட்ட எண்ணெயில் ரயில்! நம் தேரடித் தெருவில் மீறும் எண்ணெய்க்கு விழுப்புரம் வரை போய்வரலாம் போலிருக்கிறது. (சிரிப்பு)

இன்னொரு விஷயம். அந்த ரயில் பூங்காவை வலமாகச் சுற்றும். நாம் மலையை எப்படிச் சுற்றுகிறோமோ அப்படி, எப்போதும் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே. அறுபது வருடம் அந்தப் பாதையில் இடது திருப்பமே கிடையாது.

2015-இல் ஸ்டார் வார்ஸ் படத்தை வைத்துப் புதிதாக ஒரு பகுதி கட்டப் போவதாக அறிவித்தார்கள். பதினான்கு ஏக்கர். அதற்குத் தேவைப்பட்ட நிலத்தில், வடக்குப் பக்கம், ரயில் பாதையின் ஒரு துண்டும் பூங்காவுக்குள் ஓடும் செயற்கை ஆற்றின் ஒரு முனையும் இருந்தன. 2016 ஜனவரி 11 முதல் ரயில் நின்றது. ஆற்றில் ஓடிய படகுகளும் நின்றன.

அங்கேயும் மக்களுக்குப் பயம். "நிறுத்துவார்கள், அப்புறம் லாபமில்லை என்று எடுத்தே விடுவார்கள்" என்ற பேச்சு எந்த ஊரிலும் வரும். அடைத்த கதவு திறக்காமல் போனதை எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கிறோம்.

அடுத்து நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். அவர்கள் ஆற்றின் வடமுனையை வெட்டிக் குறுக்கினார்கள். புதிய கரையோரமாகப் பாறைகள் அடுக்கி, அருவிகள் விட்டு, அதன் நடுவே பாலங்கள் கட்டி, தண்டவாளத்தைப் புது வழியில் போட்டார்கள். அந்த வளைவில்தான் ரயில் முதல்முறையாக இடப்பக்கம் திரும்பியது. 2017 ஜூலை 29 அன்று ரயிலும் படகும் மீண்டும் ஓடின. மொத்தம் பதினெட்டு மாதம்.

சரி, ஸ்டார் வார்ஸ் பகுதி எப்போது திறந்தது? 2019 மே 31. அதாவது ரயில் திரும்பி வந்து இருபத்திரண்டு மாதம் கழித்து. புதுப் பாறைகளுக்கு அந்தப் பக்கம் கிரேன் நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வேலை முடிகிறவரை ரயில் காத்திருக்கவில்லை. பெரிய வேலையில் ரயிலைத் தொடும் துண்டு எது என்று பார்த்து, அதைப் பிரித்தெடுத்து, முதலில் முடித்துவிட்டார்கள்.

இதே கம்பெனிக்கு புளோரிடாவில் இன்னொரு பூங்கா. 1971-இல் திறந்தது. அங்கேயும் நீராவி ரயில். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எஞ்சின்கள் நான்கும் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் ஓடி ஓய்ந்து, பழைய இரும்பு விலைக்குப் போகிற நிலையில் இருந்தவை. 1969-இல் ஆள் அனுப்பித் தேடி வாங்கி, பிரித்து, புதுக் கொதிகலன் வைத்துக் கட்டினார்கள். அவற்றில் மூத்தது 1916-இல் செய்தது.

2018 டிசம்பரில் அந்த ரயிலையும் நிறுத்தினார்கள். டிரான் என்ற படத்தின் பெயரில் ஒரு வேகச் சவாரி கட்டுவதற்காக. அதன் கட்டடம் நேராகத் தண்டவாளத்தின் மேலேயே குறுக்கே வருகிறது. ரயில் அதன் அடியில் சுரங்கம் மாதிரி நுழைந்து போகவேண்டும். ரயில் திரும்ப ஓடியது 2022 டிசம்பர் 23. நான்கு வருடம், இருபது நாள். அந்தச் சவாரி அதிகாரபூர்வமாகத் திறந்தது 2023 ஏப்ரல் 4. மூன்றரை மாதத்துக்கும் குறைவான இடைவெளி. இங்கே ரயில் கடைசி வரை காத்திருந்தது.

இதில் நியாயமாகப் பேச வேண்டும். நடுவில் 2020-இல் கொரோனா வந்து பூங்காவையே நான்கு மாதம் மூடினார்கள். கட்டடம் பாதைக்கு மேலேயே வருகிறபோது, ஒதுங்கிப் போகப் புது வழி போடுவதும் எளிதல்ல. ஆகவே ஒருவர் கெட்டிக்காரர், இன்னொருவர் சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி ரயில். ஒரு இடத்தில் ஒன்றரை வருடம், இன்னொரு இடத்தில் நான்கு வருடம். 2018-இல் நான்கு வயதாக இருந்த குழந்தை எட்டு வயதில்தான் அந்த ரயிலில் ஏறியிருக்கும். நான்கு வயதில் ரயில் ஏறுவதும் எட்டு வயதில் ஏறுவதும் ஒன்றா?

புளோரிடாவில் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. மூடியிருந்த காலத்தில் ரயிலைக் கொண்டுவந்து முகப்பு ஸ்டேஷனில் நிறுத்திவைத்தார்கள். மக்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டாலும் கண்ணில் பட்டது. கண்ணில் படாத பொருளை ஜனங்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், நமக்குத் தெரிந்ததுதான்.

நீராவி எஞ்சின் சும்மா நின்றால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விழுப்புரம் ஷெட்டில் பெரியவர்கள் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. ஓடுகிற எஞ்சின் தேயும். நிற்கிற எஞ்சின் அரிக்கும். கொதிகலனில் பாதித் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போனால், தண்ணீரும் காற்றும் சேரும் கோட்டில் துரு பிடித்து, இரும்பில் அம்மை வடு மாதிரிக் குழி விழும். அதனால் ஒன்று, தண்ணீரை முழுக்க வடித்து, உள்ளே காயவைத்து, ஈரம் இழுக்கச் சுட்ட சுண்ணாம்பைத் தட்டில் வைத்து மூடவேண்டும். இல்லாவிட்டால் காற்றே இல்லாமல் விளிம்பு வரை மருந்து கலந்த நீரை நிரப்பி வைக்கவேண்டும். புகைபோக்கியின் வாயை மூடவேண்டும். அவ்வப்போது எஞ்சினைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தவேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பேரிங்குக்கு ஆகாது. திரும்ப ஓட்டும்போது அவசரப்பட்டு நெருப்பை ஏற்றக்கூடாது. மெல்ல மெல்லச் சூடேற்றவேண்டும், இல்லையென்றால் இரும்பு தாறுமாறாக விரிந்து குழாய்கள் ஒழுகும்.

எஞ்சினை விட ஆள் முக்கியம். நீராவி ஓட்டுவது கை வித்தை. நெருப்பின் நிறம், தண்ணீர்க் கண்ணாடியின் மட்டம், சத்தத்தின் மாற்றம், இதெல்லாம் தினம் பார்த்தால்தான் நிற்கும். நீலகிரி மலை ரயில் மழையில் மண் சரிந்து நிற்பதும், சீர் செய்து மறுபடி ஓடுவதும் வழக்கம். எப்படி முடிகிறது? குன்னூரில் ஷெட் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையில் அந்தப் பாதைக்குப் புது நீராவி எஞ்சினே கட்டினார்கள். பாதை நின்ற நாளிலும் கை நிற்கவில்லை.

நம் ஊர்க் கதையும் உண்டு. விழுப்புரம் காட்பாடி மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றியபோது, நம் ஸ்டேஷனில் சில வருடங்கள் ரயிலே இல்லை. தீபத்துக்கு வந்த கூட்டம் முழுக்க பஸ்ஸில் வந்தது. அது வேறு வகை நிறுத்தம், நான் அதைக் குறை சொல்லவில்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை அது. 1000 மில்லிமீட்டர் போய் 1676 வந்தது. ரயில் திரும்பி வந்தது, மீட்டர் கேஜ் வரவில்லை. எனக்கு அந்த வருத்தம் தனி, அதை விடுங்கள்.

இப்போது பூங்காவுக்கு வருகிறேன். பூட்டி எட்டு மாதம். பூட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. தலைக்கு மேல் சாரம் கட்டிக் கான்கிரீட் ஏற்றும் இடத்தில் குழந்தைகளை விடக்கூடாது. அனாஹைமிலும் கிரேனுக்கு அடியில் ரயில் ஓட்டவில்லை. ஆனால் பூங்காவுக்குள் வரும் வேலை எவ்வளவு? நான் நான்கு நாள் காலையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தொட்டி கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து வரும் குழாய் நம் பூங்காவின் வடகிழக்கு மூலையைக் கடந்து தெருவுக்குப் போகவேண்டும். நம் பக்கம் வருவது அந்த ஒரு பள்ளம்தான். அதை இன்னும் தோண்டவே இல்லை! தொட்டி முடிந்த பிறகு கடைசியில் தோண்டுவதாகத் திட்டம் என்று மேஸ்திரி சொன்னார். அதுவரை முழுப் பூங்காவும் பூட்டு. உள்ளே ஜல்லிக் குவியல்.

நடப்பவர்கள் எல்லோரும் இப்போது மெயின் ரோட்டில் நடக்கிறார்கள். பௌர்ணமி நாளில் அங்கே எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். மூன்றாவது தெரு அம்மாவுக்கு போன மாதம் பைக் இடித்துக் கை முறிந்தது. அவர்கள் பூங்காவுக்குள் பத்து வருடமாக நடந்தவர்கள்.

அதனால் நம் மனுவில் "உடனே திறக்கவும்" என்று எழுதவேண்டாம் என்பது என் கருத்து. அப்படி எழுதினால் "பாதுகாப்பு காரணமாக இயலாது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். குழாய்ப் பள்ளத்தை முதலில் தோண்டி, குழாய் இறக்கி, மூடித் தாருங்கள் என்று கேட்போம். பிறகு கிழக்குச் சுவரிலிருந்து பாதுகாப்பான தூரம் விட்டு, தகரத் தடுப்பு வைத்து, மேற்குப் பக்கத்தை நடப்பவர்களுக்குத் திறக்கச் சொல்வோம். எவ்வளவு தூரம் விடவேண்டும் என்பதை அவர்கள் பொறியாளரே எழுத்தில் சொல்லட்டும். நாமாக ஒரு எண்ணைப் போடவேண்டாம்.

நாம் செய்யவேண்டிய வேலையும் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எட்டு மாதமாக ஓடவில்லை. வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஓட்ட அனுமதி கேட்கவேண்டும், இல்லாவிட்டால் திறக்கிற அன்று அது இறுகிப்போய் நிற்கும். ஊஞ்சல் சங்கிலிகளைக் கழற்றி எண்ணெய் தடவி யார் வீட்டிலாவது வைக்கலாம். போன வருடம் நட்ட பன்னிரண்டு புங்கன் கன்றில் வேலி வழியாக எண்ணியதில் ஏழுதான் தெரிந்தது. ஜல்லிக்குப் பின்னால் மீதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வடக்கு கேட்டில் இருப்பேன். குழாய் வரும் மூலையை வெளியிலிருந்து அளந்து, படம் எடுத்து, மனுவோடு வரைபடமாக வைக்கவேண்டும். அளவு டேப் என்னிடம் இருக்கிறது. அதன் மறுமுனையைப் பிடிக்க ஒருவரும், நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரும் வந்தால் போதும்.