'பேண்டிட்' என்று எழுதிய காலம்



பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படிக்கச் சேர்ந்தால் முதலில் சொல்லிக் கொடுப்பது ஐந்து கேள்விகள். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன். இவற்றில் சிரமமானது 'ஏன்' என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் 'யார்' என்பேன். மலாயாவின் ஆங்கிலப் பத்திரிகைகள் 1948 முதல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்த 'யார்' என்ற கேள்விக்கு ஒரே சொல்லைப் பதிலாக எழுதின. 'பேண்டிட்'. அதாவது கொள்ளைக்காரன். (கொஞ்சம் அசந்தால் பண்டிட் நேருவின் 'பண்டிட்' ஆகிவிடும். அது வேறு, இது வேறு!)

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1960 வரை நீடித்த அந்தச் சண்டையை அரசாங்கம் 'போர்' என்று சொல்லவில்லை. போர் என்றால் லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் இழப்பீடு தராது என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். சரி, போர் இல்லையென்றால் எதிரில் நிற்பவன் போராளியாக இருக்க முடியாதே! அப்படியானால் அவன் கொள்ளைக்காரன்.

அதே ஆட்கள்தான் ஜப்பானியர் காலத்தில் பிரிட்டிஷார் ஆயுதம் கொடுத்து ஆதரித்த கொரில்லாக்கள். சின் பெங்கிற்கு 1946 ஜனவரியில் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் பிரபுவே பதக்கம் அணிவித்தார். இரண்டரை ஆண்டுக்குள் அவரும் பேண்டிட். நம்மவரான தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரை எந்தச் சொல்லில் அடக்குவது?

இந்தச் சொல் என்ன செய்தது என்று அறிய, பத்தாங் காலிக்குப் போக வேண்டும். 1948 டிசம்பர் 11, 12. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டம். ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றி வளைத்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். 24 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சீனத் தொழிலாளர்கள், கையில் ஆயுதம் கிடையாது. குடியிருப்புக்கும் தீ வைக்கப்பட்டது.

செய்தி இராணுவத்திடமிருந்து வந்தது. பத்திரிகையில் பேண்டிட்கள் கொல்லப்பட்டார்கள், படையினருக்குப் பெரிய வெற்றி என்று வெளியானது. '24 பால்மரத் தொழிலாளர்கள் சுடப்பட்டனர்' என்று போட்டிருந்தால் காலையில் காப்பி குடித்துக்கொண்டே படிப்பவர் கூட 'ஏன்?' என்று கேட்டிருப்பார். கொள்ளைக்காரன் செத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? தப்பியோட முயன்றபோது சுட்டோம் என்ற அரசாங்க விளக்கமும் அப்படியே எடுபட்டது. 1970-இல்தான் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை, அன்று அங்கிருந்த முன்னாள் சிப்பாய்கள் சிலரின் வாக்குமூலத்தை வெளியிட்டது. யாரும் தப்பியோடவில்லை என்றார்கள்.

1952-இல் ஜெனரல் டெம்ப்ளர் வந்த பிறகு 'பேண்டிட்' கைவிடப்பட்டது. இரக்கம் வந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். ஜப்பானியரும் கொரில்லாக்களை இப்படித்தான் அழைத்தார்கள். சீனாவில் கோமின்டாங் அரசும் மா சே துங்கின் ஆட்களைக் கொள்ளைக்காரர் என்றது. 1949-இல் அந்தக் 'கொள்ளைக்காரர்' ஆட்சியையே பிடித்துவிட்டார்கள். அந்தச் சொல் சீன மக்களிடம் எடுபடாது என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். பதிலுக்கு வந்தது 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி', சுருக்கமாக 'சி.டி.'. பத்திரிகைகளும் மாறிக்கொண்டன.

பத்தாங் காலி குடும்பங்கள் லண்டன் வரை சென்று வழக்காடின. புதிய விசாரணை தேவையில்லை என்று 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பு இன்று இணையத்தில் கிடைக்கிறது. 1948 டிசம்பர் என்று போட்டு அந்த ஆங்கிலச் சொல்லைத் தட்டிப் பாருங்கள். அந்த 24 பேர் பற்றிய முதல் செய்தி அச்சிட்டபடியே இருக்கிறது.