வானத்து நீரும் வருங்கால வெப்பமும்

(பத்து பாகாட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



விடியுமுன் எழுந்து வானத்தைப் பார்ப்பது நம் தொழிலின் முதல் வேலையாகும். மரம் நனைந்திருந்தால் வெட்ட இயலாது. வெட்டிய பின் மழை வந்தாலோ மங்கில் சேர்ந்த பால் நீரோடு வழிந்துவிடும். மேகத்தின் வரவு நம் வருமானத்தோடு பிணைந்தது. அதே மேகத்தை விண்ணிலிருந்து அளப்போரும் உள்ளனர். அவர்கள் அளப்பது எதற்காக என்பதை இன்று காண்போம்.

2011 அக்டோபர் 12 ஆம் நாள், இந்தியாவும் பிரான்சும் கூட்டாக உருவாக்கிய 'மேகா-டிரோபிக்ஸ்' என்னும் துணைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது நிலநடுக்கோட்டை ஒட்டி, வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 20 பாகைக்குள்ளேயே சுற்றி வந்தது. ஆகவே நமது ஜொகூர் வானமும் அதன் எல்லைக்குள் அடங்கியது. அதில் 'மதராஸ்' என்ற பெயருடைய கருவி ஒன்று இருந்தது. மழையையும் மேகத்திலுள்ள நீரையும் அளப்பதே அதன் பணி. 2013 இல் அது செயலிழந்தது.

மேகநீரை எவ்வாறு அளக்கின்றனர்? எல்லாப் பொருளும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணலைகளை வெளியிடுகின்றது. கடல் குறைவாக வெளியிடும். அதன்மேல் மேகம் நின்றால், நீர்த்துளிகளின் அலைகள் கூடுதலாகத் தெரியும். அக்கூடுதலைக் கொண்டு நீரைக் கணக்கிடுவர். நிலமோ தானே மிகுதியாக வெளியிடுவதால் அங்கு அளப்பது கடினம். கறுப்புத் துணியில் சிந்திய ரப்பர் பால் பளிச்செனத் தெரியும். வெள்ளைத் துணியில் சிந்தியது தெரியுமா?

மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பி நிழல் தருகிறது. பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் தடுத்தும் வைக்கிறது. இவ்விரண்டில் எது மிகுதி? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதனும் அவருடைய குழுவினரும், துணைக்கோள் அளவுகளைக் கொண்டு 1989 இல் விடை கண்டனர். மொத்தத்தில் மேகங்கள் பூமியைக் குளிர்விக்கின்றன என்பதே அவ்விடை.

ஆயின் பூமி சூடேறும்போது அந்நிழல் கூடுமா, குறையுமா? குளிர்ந்த மேகங்களில் பனித்துகளும் நீர்த்துளியும் கலந்திருக்கும். பனித்துகளைவிட நீர்த்துளியே வெயிலை மிகுதியாகத் திருப்பும். வெப்பம் ஏற ஏறப் பனி நீராகும், நிழல் கூடும், வெப்பத்திற்கு அது ஒரு தடையாகும். ஆனால் அம்மேகங்களில், கணினிக் கணக்குகள் கருதியதைவிட நீர் ஏற்கெனவே மிகுதியாக உள்ளது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் காட்டினர். அவ்வாறாயின் நீராவதற்கு எஞ்சிய பனி குறைவு, தடையும் வலுக்குறைந்ததே. மேகத்தின் நீரை அளப்பதன் அவசியம் இப்போது விளங்கும்.

காற்றில் கரியமிலவாயு இருமடங்கானால் பூமி 1.5 முதல் 4.5 பாகை செல்சியஸ் வரை சூடேறலாம் என 1979 இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று மதிப்பிட்டது. பல்வகைச் சான்றுகளையும் ஆராய்ந்த ஐக்கிய நாட்டு வல்லுநர் குழு, 2021 இல் அதனை 2.5 முதல் 4 வரை எனச் சுருக்கியது. குறைந்த வெப்பத்தோடு தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை தளர்ந்துவிட்டது.

2023 மார்ச் மாதம் பத்து பாகாட் வெள்ளத்தில் தத்தளித்ததை நாம் மறக்கவில்லை. அதே மாதம் 7 ஆம் நாள் மேகா-டிரோபிக்ஸ் தன் பணி முடிந்து பசிபிக் கடற்பரப்பின் மேல் இறக்கி அழிக்கப்பட்டது. ஒரு வெள்ளத்தைக் கொண்டு காலநிலை முழுவதையும் முடிவு செய்யலாகாது. எனினும் இன்று நடும் ரப்பர்க் கன்று கால் நூற்றாண்டு நிற்கும். அது காணப்போகும் வெயிலும் மழையும் நம் பெற்றோர் கண்டவை அல்ல. மறுநடவிலும் வடிகாலிலும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் 'எர்த்கேர்' என்னும் புதிய துணைக்கோளை மேகங்களை ஆராய அனுப்பியுள்ளன. அக்கணக்குகளைப் படித்தறியும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு அளிப்போமாக. காலையில் நாம் அண்ணாந்து பார்க்கும் வானத்தை, அவர்கள் அளந்து பார்க்கட்டும்.