வாசலில் வரும் வஞ்சகமும் ஊர்க்காவலும்

(தூத்துக்குடி வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பொருளை ஈட்டுவது போலவே ஈட்டிய பொருளைக் காப்பதும் கிராம வளர்ச்சிப் பணியேயாகும். வயலிலும் உப்பளத்திலும் கடலிலும் பல்லாண்டு பாடுபட்டு வாங்கிய நாலு சவரன் நகை ஒரு நாழிகையில் பறிபோகுமாயின், அக்குடும்பம் மீண்டும் கடனில் விழுகிறது. நம் பகுதியிலோ, விடியுமுன்னரே ஆண்களும் பெண்களும் வேலைக்குச் சென்றுவிடுவர். வீட்டில் முதியவர் தனித்திருப்பர். அன்றேல் பூட்டு மட்டுமே இருக்கும். வஞ்சகர் நாடிவரும் வேளை அதுவே.

நகைக்கு மெருகு போடுவதாக வருவோரை முதற்கண் எடுத்துக்கொள்வோம். குத்துவிளக்கை இலவசமாகத் துலக்கிக் காட்டுவர். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதன்பின் தாலிச் சங்கிலி. நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் சேர்ந்த ராஜ திராவகம் பொன்னையும் கரைத்துவிடும். நகை பளபளப்புடன் திரும்பி வரும். ஆனால் எடை குறைந்திருக்கும். கரைந்த பொன் அவர்களுடைய கிண்ணத்தில் தங்கிவிடும். வேறு சிலர், நகையை மஞ்சள் நீரோடு பாத்திரத்தில் இட்டு, அரைமணி கழித்துத் திறக்கச் சொல்லிச் செல்வர். திறக்கும்போது நகை இராது. மெருகு வேண்டுமாயின், அறிந்த பொற்கொல்லரிடம் எடை பார்த்துக் கொடுத்து, எடை பார்த்து வாங்குக.

நம் கடலின் புகழும் ஏமாற்றுக்குப் பயன்படுகிறது. தூத்துக்குடியில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். ஆதலால், 'நேற்றுக் குளித்தெடுத்த முத்து' என்று திண்ணையில் கடை விரிப்பவன் சொல்லை நம்புதல் ஆகாது. வலம்புரிச் சங்கு என்ற பெயரால், அமெரிக்கக் கடலில் இயல்பாகவே அத்திசையில் சுழன்று வளரும் வேறொரு நத்தையின் ஓட்டை விற்பதும் உண்டு. மெய்யான சங்கின் வாயினுள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் காணப்படும். அவ்வோட்டில் அவை இரா.

அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி வருவோரும் உளர். வீடு கட்டும் திட்டத்திலோ முதியோர் ஓய்வூதியத்திலோ பெயர் சேர்க்க எவருக்கும் பணம் தரவேண்டுவதில்லை. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்பவர் எவராயினும் சொல்லாதீர்கள். ஐயம் தோன்றினால், வந்தவரை வாசலிலேயே இருக்கச் செய்து, ஊராட்சி அலுவலகத்தைக் கேளுங்கள். உண்மையான ஊழியர் அதற்குச் சினம் கொள்ளார்.

இனி, பூட்டிய வீட்டைப் பற்றிச் சில சொல்வோம். பனிமய மாதா திருவிழா, குலசேகரன்பட்டினத்துத் தசரா போன்ற நாள்களில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக்கிடக்கும். பண்டைத் திருடன் கன்னக்கோல் கொண்டுவந்தான். இன்றையவனுக்கோ நாம் புழக்கடையில் போட்டுவைத்த கடப்பாரையும் ஏணியும் போதும். அவற்றை உள்ளே வையுங்கள். சாவியை ஓட்டின் இடுக்கில் செருகாதீர்கள். புழக்கடைக் கதவுக்கும் நல்ல தாழ் இடுங்கள். வெளியூர் செல்லுமுன் அண்டை வீட்டாருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

ஊராட்சி செய்யத்தக்கவை சில. தெருவிளக்குகள் எரிகின்றனவா எனக் கவனித்தல். வெளியூர் வியாபாரிகள் பெயரையும் ஊரையும் அலுவலகத்தில் பதிந்து செல்லுமாறு கிராம சபையில் முடிவு செய்தல். அவசர உதவிக்கு 112, இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்ற எண்களைச் சுவரில் எழுதிவைத்தல்.

விழிப்பு வேறு, வெறி வேறு. 2018-ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். தெருவில் விற்றுப் பிழைக்கும் நேர்மையாளர் பலர். ஐயத்துக்குரியவரைக் காவலரிடம் ஒப்படைப்பதே நம் கடமை. கை ஓங்குவது குற்றம்.

1-7-2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஏமாற்றிப் பொருள் பறிப்போருக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. எந்தக் காவல் நிலையத்திலும், எல்லை பாராது, புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறலாம். ஏமாந்தவர் வெட்கி மறைத்தால், அதே ஆள் மறுநாள் அடுத்த ஊரில் கதவைத் தட்டுவான். ஏமாந்தவரை எள்ளாது புகார் அளிக்கத் துணை நிற்பதே ஊர்க்காவலின் முதற்படி. அதனை இன்றே தொடங்குவோமாக.