இடுப்பின் சரிவும் முழங்காலின் தெறிவினையும்

மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்று வலை வீசுவோரும், படுவான்கரை வயல்களில் நெல்மூட்டை சுமப்போரும் முதுகு நோவு கண்டால், "இடுப்பு விலகிவிட்டது" என்று சொல்லக் கேட்கிறோம். முறிவு நெரிவு வைத்தியரிடம் சென்று இடுப்பை நேராக்கிக்கொண்டால் காலின் குறைகளும் தாமாகவே அகலும் என்ற நம்பிக்கை அதனோடு சேர்ந்தே வருகிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி?

மருத்துவர் முழங்காற் சில்லுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டுகிறார். கால் முன்னே உதறுகிறது. நாம் எண்ணாமலே நிகழும் இச்செயலைத் தெறிவினை என்பர். 1875ஆம் ஆண்டில் ஏர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர் இதனைத் தனித்தனியே எழுதி வெளியிட்டனர். தட்டியவுடன் தசைநாண் இழுபட்டுத் தொடையின் முன்தசை சற்றே நீள்கிறது. அச்செய்தி முண்ணாணின் நாரிப் பகுதியை அடைந்து, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், அதே தசைக்குத் திரும்புகிறது. இவ்வழியில் பழுது நேரின் உதறல் குன்றும். அதற்கு மேலே, முண்ணாணிலோ மூளையிலோ பழுது நேரின் பெரும்பாலும் மிகும். இடுப்பென்பு இவ்வழியில் ஓர் உறுப்பன்று. அது சற்றுச் சரிந்திருப்பதனால் மட்டும் தெறிவினை மாறிவிடுவதில்லை.

ஆயினும், இரண்டும் ஒரே உடலிற் காணப்படுவதுண்டு. இளம்பிள்ளைவாதத்தை எண்ணிப் பாருங்கள். அந்நோய் முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக் கலங்களை அழிக்கிறது. தெறிவினை அற்றுப்போகிறது, தசை மெலிகிறது, வளரும் பருவத்தில் அக்கால் குட்டையாகி இடுப்பும் சரிகிறது. ஒரு வேரிலிருந்து இரு கிளைகள்! இலங்கையில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1993இல். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. ஆனால் சிறுவயதில் அதற்கு ஆளானோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களது இடுப்பை எவ்வளவு நிமிர்த்தினாலும் இழந்த தெறிவினை மீளாது.

சுமை தூக்குவோரிடம் வேறொரு காரணம் உண்டு. முள்ளந்தண்டென்புகளுக்கு இடையிலுள்ள வட்டத்தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது. நோவைத் தவிர்க்க உடல் ஒருபுறம் சாய்கிறது. இடுப்பு கோணலாகத் தோன்றுகிறது. நெரிபட்டது நாரிப் பகுதியின் மேல் நரம்புகளாயின் முழங்காலின் உதறலும் குன்றுகிறது. இந்நிலையில் சாய்வை மாத்திரம் கண்டு இடுப்பைப் பலமாகத் திருகி இழுப்பது ஆபத்தானது. முறிந்த என்பைப் பொருத்துவதில் நம் வைத்தியர்களுக்குள்ள கைத்திறனை நான் குறைத்துக் கூறவில்லை. நரம்பின் நிலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

உதறல் மெதுவாயிருப்பதைக் கண்டு அஞ்சவும் வேண்டா. நல்ல உடல்நலமுள்ள சிலருக்கும் இரு கால்களிலும் அது மெதுவாகவே இருக்கும். அத்தகையோரை இரு கைவிரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் தட்டுவார்; மறைந்திருந்த உதறல் வெளிப்படும். ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் உள்ள வேறுபாடே கவனிக்கத்தக்கது. முதுகு நோவுடன் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தொடைகளின் உட்புறம் மரத்துப்போனாலோ, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.